தேய்ப்பதா, பிழிவதா? வீட்டுக்குப் பாஸ்தா மெஷின் வாங்குமுன்

'பாஸ்தா மெஷின்' என்று கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கருவிகளைக் காட்டுவார்கள். ஒன்று, இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவைக் கொடுத்தால் சப்பாத்தி போலத் தேய்த்து நீளமான தகடாக வெளியே விடும். இன்னொன்று, முறுக்குக் குழல் மாதிரி, மாவை அச்சு வழியாகப் பிழிந்து தள்ளும். முதலாவதில் குழல் வடிவப் பென்னே வராது. இரண்டாவதில் நல்ல முட்டைத் தகடு வராது. தப்பானதை வாங்கிவிட்டு மாவை நொந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

இத்தாலியிலேயே இவை இரண்டும் வேறு வேறு வழி வந்தவை. பொலோன்யா இருக்கும் எமிலியா-ரொமான்யா பக்கத்தில் மெல்லிய கோதுமை மாவில் முட்டை ஊற்றிப் பிசைந்து, நீளக் கட்டையால் தேய்த்து, மடித்து வெட்டுவார்கள். நாடா போன்ற தாலியத்தெல்லே, அகலத் தகடான லசான்யா, பூரணம் வைத்து மடித்த தொர்தெல்லினி எல்லாம் அந்தக் குடும்பம். கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் மக்கரோனி, பென்னே, ஸ்பகெத்தி எல்லாம் துரும் என்ற கடினமான கோதுமை வகையின் ரவையும் தண்ணீரும் சேர்த்து அச்சில் பிழிந்து உலர்த்தியவை. உலர்ந்த பாஸ்தாவைத் துரும் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-லேயே சட்டம் போட்டார்கள். தேய்க்கும் மெஷின் முதல் குடும்பத்துக்கு, பிழியும் மெஷின் இரண்டாவது குடும்பத்துக்கு.

முதலில் எந்த வடிவம் என்று முடிவு செய்யுங்கள்

வீட்டில் எதை அடிக்கடி சாப்பிடுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

தாலியத்தெல்லே, அதைப் போன்ற நாடாக்களான ஃபெத்துச்சினே, பப்பார்தெல்லே, லசான்யா, உள்ளே பூரணம் வைக்கும் ரவியோலி: இவை பட்டியலில் இருந்தால் உருளை மெஷின் போதும். கையால் சுற்றும் 150 மி.மீ. அகல மெஷின்தான் புதியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சரி. விலை குறைவு, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை, நன்றாக வைத்துக்கொண்டால் அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும்.

பென்னே, ரிகத்தோனி, மக்கரோனி, உருண்டையான ஸ்பகெத்தி: இவை குழலாகவோ உருண்டையாகவோ இருப்பதால் பிழிந்தால்தான் வரும். மின்சாரத்தில் ஓடும் பிழியும் மெஷின் வேண்டும். பிலிப்ஸ் போன்ற பெயர்களில் விற்கிற வகை. உருளை மெஷினைவிட விலை பல மடங்கு. அடுக்களையில் மிக்ஸியைவிடப் பெரிய இடம் கேட்கும்.

முட்டை சேர்க்காத வீடாக இருந்தால், இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரவையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த மாவு பிழியும் மெஷினுக்கு மிகப் பொருத்தம். உருளை மெஷினிலும் செய்யலாம். ஆனால் முட்டை தருகிற இழுவை இல்லாததால் ஓரம் பிசிறும். ரொம்ப மெல்லியதாக இழுத்தால் கிழியும். தினமும் முட்டையில்லாப் பாஸ்தாதான் என்றால் பிழியும் மெஷினுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரெக்கியெத்தே, பிச்சி, கவத்தெல்லி மாதிரி கையாலேயே உருட்டியும் அழுத்தியும் செய்யும் பாஸ்தாக்களுக்கு மெஷினே வேண்டாம். கட்டைவிரலும் ஒரு பலகையும் போதும். அவைதான் பிடிக்கும் என்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

அடுக்களை மேடையை அளந்து பாருங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் மெஷின் வீட்டுக்கு வந்த முதல் நாளே தலைவலி தருவது இதுதான். உருளை மெஷினைச் சுற்றும்போது அது நகராமல் இருக்க, மேடை விளிம்பில் ஒரு திருகுக் கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். அது பிடிக்க மேடைக்கு அடியில் கை நுழைகிற அளவு இடம் வேண்டும். நம் வீட்டுக் கிரானைட் மேடைகள் பலவற்றில் கல் சுவரை விட்டு இரண்டு விரற்கடைதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் விளிம்பில் இன்னொரு பட்டை ஒட்டி இரட்டைத் தடிமன் ஆக்கியிருப்பார்கள். கிளாம்ப் வாய் அதில் நுழையாது.

வாங்குமுன் மூன்று அளவு எடுங்கள். விளிம்பின் தடிமன், கல் வெளியே நீட்டியிருக்கும் தூரம், கைப்பிடி முழு வட்டம் சுற்றப் பக்கத்தில் இருக்கும் இடம். மேடை ஒத்துவராவிட்டால் சாப்பாட்டு மேஜையில் மாட்டலாம். மேஜை கண்ணாடியாக இருந்தால் கூடாது. மரமேஜையில் தழும்பு விழாமல் இருக்க, கிளாம்புக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வையுங்கள்.

உருளை மெஷினில் எதைப் பார்த்து வாங்குவது

இத்தாலியில் இந்த வகைக்குப் பெயர் பெற்ற இரண்டு நிறுவனங்கள், பாதுவா அருகே கம்போதார்சேகோவில் 1930-இல் தொடங்கிய மார்க்கட்டோவும் தூரின் பக்கத்து இம்பீரியாவும். மார்க்கட்டோவின் அட்லஸ் 150-தான் பலரும் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளும் மெஷின். அதன் டயலில் 0 முதல் 9 வரை பத்து நிலைகள். 0-இல் உருளைகளுக்கு நடுவே இடைவெளி ஏறக்குறைய 4.8 மி.மீ., 9-இல் 0.6 மி.மீ. இதே தோற்றத்தில் பாதி விலைக்குப் பெயர் தெரியாத மெஷின்கள் நிறைய வருகின்றன. அவற்றில் நல்லதும் உண்டு. பெயரைப் பார்க்காமல் கீழே சொல்வதைச் சோதித்துப் பாருங்கள்.

உருளைகள் இணையாக இருக்கின்றனவா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மெஷினை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, டயலை மெல்லிய நிலைக்குத் திருப்பி, உருளைகளுக்கு நடுவே தெரியும் ஒளிக்கோட்டைப் பாருங்கள். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். பிறகு ஒரே அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு துண்டுகளை இரு கோடிகளிலும் செருகி, டயலை ஒவ்வொரு நிலையாக இறுக்குங்கள். இரண்டும் ஒரே நிலையில் பிடிபட வேண்டும். ஒன்று முன்னாலேயே சிக்கினால் உருளை சாய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட மெஷினில் தகட்டின் ஒரு பக்கம் மெலிந்து நீளும். மறுபக்கம் தடிமனாகவே நிற்கும். முழுத் தகடும் தடித்த பக்கமாக வளைந்து வாழைக்காய் மாதிரி வெளியே வரும். மாவை எவ்வளவு நன்றாகப் பிசைந்தாலும் இது சரியாகாது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

டயலை வெளியே இழுத்துத் திருப்பிவிட்டால் ஒவ்வொரு எண்ணிலும் 'டக்' என்று உட்கார வேண்டும். நடுவில் நிற்கிற மாதிரி தளர்வாக இருந்தால், கெட்டி மாவு போகும்போது தானாகவே பின்வாங்கும். எண்களின் திசையையும் கவனியுங்கள். சில மெஷின்களில் பெரிய எண் மெல்லியது, சிலவற்றில் நேர்மாறு. ஒரு சமையல் குறிப்பில் '6-இல் நிறுத்தவும்' என்று இருந்தால் அது எந்த மெஷினின் 6 என்று தெரியாமல் பின்பற்றாதீர்கள். மில்லிமீட்டரில் யோசிப்பதுதான் நல்லது. தகட்டிலிருந்து பத்துச் சதுரங்கள் வெட்டி, மாவு தூவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்கேல் வைத்து உயரத்தை அளந்து பத்தால் வகுத்தால் உங்கள் மெஷினின் உண்மையான அளவு கிடைத்துவிடும்.

நிலைகள் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் தாவல் அதிகமாகி மாவு கிழியும்.

மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒவ்வொரு உருளைக்கும் அடியில் ஒரு சுரண்டு தகடு இருக்கும். உருளையில் ஒட்டிக்கொண்டு வரும் மாவை வழிப்பது அதன் வேலை. அது உருளையின் முழு நீளத்தையும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால் அங்கே மாவு சுற்றிக்கொண்டு தகட்டில் கோடு கோடாக விழும்.

கைப்பிடி துளையில் செருகி வைத்திருப்பதுதான், பூட்டு கிடையாது. சுற்றச் சுற்றக் கழன்று விழுவது நல்ல மெஷின்களிலும் உண்டு. அதற்காக மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். சுற்றும்போது கையை மெஷின் பக்கமாக லேசாக அழுத்திக்கொண்டால் நிற்கும்.

வெட்டும் பகுதியாகப் பொதுவாக இரண்டு அகலம் சேர்ந்தே வரும். அட்லஸ் 150-இல் 6.5 மி.மீ. ஒன்று, 1.5 மி.மீ. ஒன்று. தாலியத்தெல்லேக்குச் சரியான அகலம் எது என்பதற்குப் பொலோன்யாவில் ஒரு பதிவே இருக்கிறது. 1972-இல் அந்த ஊர் வணிகச் சபையில் பதிந்துவைத்த அளவின்படி, வெந்த பிறகு 8 மி.மீ.; அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு. வெந்தால் மாவு உப்பும் என்பதால் 6.5 மி.மீ. கட்டர் ஏறக்குறைய அந்தக் கணக்குக்கு வந்துவிடுகிறது.

எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

மேலே மாட்டிப் பூரணம் நிரப்பும் ரவியோலி இணைப்பு பார்க்க ஆசையாக இருக்கும். வேலைக்கு ஆகாது. மாவு சற்று ஈரமாக இருந்தால் பூரணத்தோடு சேர்ந்து உள்ளே அப்பிக்கொள்ளும். காய்ந்திருந்தால் ஓரம் ஒட்டாமல் கொதிநீரில் வாய் பிளக்கும். குழிகள் உள்ள தட்டையான ரவியோலி அச்சுத் தட்டு அதைவிட மலிவு, கழுவவும் எளிது. சோமாஸ் மடிக்கத் தெரிந்த கைக்கு அதுவும் தேவையில்லை.

'ஸ்பகெத்தி இணைப்பு' என்று விற்பது உருண்டை ஸ்பகெத்தி தராது. தடிமனான தகட்டை அதே தடிமனுக்கு நறுக்குவதால் சதுர நூல்தான் வரும். அதில் தப்பொன்றும் இல்லை. அப்ருட்சோ பகுதியில் மரச்சட்டத்தில் கம்பிகள் கட்டிய 'கித்தாரா' என்ற கருவியின் மேல் தகட்டை வைத்துக் கட்டையால் உருட்டிச் சதுர நூலாகவே வெட்டுகிறார்கள். உருண்டை என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மோட்டாரைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. கையால் சுற்றும்போது ஒரு கை மாவைக் கொடுக்க, ஒரு கை சுற்ற, வெளியே வருவதைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். வீட்டில் கூட ஒருவர் நின்றால் மோட்டார் வேண்டாம். தனியாகவே செய்வீர்கள், வாரம் ஒருமுறையாவது செய்வீர்கள் என்றால் வாங்கலாம். பிறகும் மாட்டிக்கொள்ள முடியும் என்பதால் முதல் நாளே அவசரம் இல்லை. அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவருகிறார்கள் என்றால் மோட்டாரின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். 120 வோல்ட்டுக்குச் செய்ததை நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு முடிந்தது. கை மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கிச்சன்எய்ட் போன்ற, மாவு பிசையும் பெரிய மிக்ஸர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் முன்பக்கம் மாட்டும் உருளை இணைப்பு நல்ல தேர்வு. இரண்டு கையும் மாவுக்குக் கிடைக்கும். கிளாம்ப் தொல்லையும் இல்லை. இதற்காகவே மிக்ஸரை வாங்குவது வீண்.

முதல் நாள்: மெஷினைப் பழக்குதல்

புது மெஷினின் உள்ளே பட்டறை எண்ணெயும் உலோகத் துகளும் இருக்கும். தண்ணீர் காட்டாதீர்கள், இப்போதும் சரி, எப்போதும் சரி. உலர்ந்த துணியால் வெளிப்பக்கம் துடையுங்கள். மைதாவும் தண்ணீரும் மட்டும் போட்டு, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக 150 கிராம் பிசைந்து, அகல நிலையில் (உருளைகள் மிக விலகி நிற்கும் நிலை) பத்துப் பன்னிரண்டு முறை உருளையில் ஓட்டுங்கள். முதலில் சாம்பல் நிறக் கோடுகள் தெரியும். உருளையின் இரண்டு கோடிகளையும் மாவு தொடும்படி இடமும் வலமும் நகர்த்தி விடுங்கள். கோடு நின்ற பிறகு அதையே கட்டர்களிலும் ஓட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். ஆசைப்பட்டுச் சாப்பிட வேண்டாம்.

முதல் மாவு

இத்தாலியக் கணக்கு எளிது: ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. ஆனால் அங்கத்து முட்டையும் நம் கடை முட்டையும் ஒரே அளவில்லை. நம்முடையது பெரும்பாலும் சிறியது. அதனால் எண்ணாதீர்கள், நிறுங்கள். முட்டைகளை உடைத்து ஓடில்லாமல் எடை பார்த்து, அதை 1.8-ஆல் பெருக்கினால் மாவின் அளவு. மூன்று முட்டை 141 கிராம் என்றால் மாவு 254 கிராம்.

இத்தாலியர்கள் 'பூஜ்யம் பூஜ்யம்' என்று எண் போட்ட நைஸ் மாவு பயன்படுத்துவார்கள். நம் மைதா அந்த வேலையைச் செய்யும். கொஞ்சம் கடி வேண்டுமென்றால் மாவில் நான்கில் ஒரு பங்குக்குத் துரும் கோதுமையிலிருந்து வருகிற பன்சி ரவையை மிக்ஸியில் நைஸாக அரைத்துச் சலித்துச் சேருங்கள். அரைக்காமல் போட்டால் தகடு சொரசொரவென்று நின்று கிழியும். ஆட்டா சேர்ப்பதானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்; அதிலுள்ள தவிடு மெல்லிய தகட்டைக் கத்தி போல அறுக்கும்.

முட்டையில்லாமல் உருளை மெஷினில் செய்ய: 100 கிராம் மைதா, அரைத்த ரவை 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 95 முதல் 100 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெய். 1 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள்.

எட்டுப் பத்து நிமிடம் கையால் பிசையுங்கள். முதலில் உடைந்து உடைந்து வரும். தண்ணீர் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். முடிந்தபோது பரோட்டா மாவு போல இளகியிருக்கக் கூடாது. பூரி மாவைவிடவும் கெட்டி. விரலால் அழுத்தினால் குழி மெதுவாக மேலே வர வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. மூடிவைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இதைத் தவிர்த்தால் மாவு ரப்பர் மாதிரி சுருங்கிக்கொண்டே இருக்கும்.

தேய்ப்பது எப்படி

ஒரு தடவைக்கு 100 கிராம் உருண்டை போதும். 14 செ.மீ. அகலத்தில் 1 மி.மீ. தகடாக அது 60 செ.மீ. நீளம் வரும், 0.6 மி.மீ.க்குக் கொண்டுபோனால் ஒரு மீட்டர். 200 கிராமை ஒரேயடியாகப் போட்டவர்கள் இரண்டு மீட்டர்த் தகட்டை வைத்துக்கொண்டு மேடையில் இடம் தேடுவார்கள். மிச்சத்தை மூடியே வைத்திருங்கள்.

உருண்டையைக் கையால் ஒரு செ.மீ. தடிமனுக்குத் தட்டி, அகல நிலையில் ஓட்டுங்கள். கடிதம் மடிப்பது போல மூன்றாக மடித்து, கால் வட்டம் திருப்பி, மடிப்பில்லாத திறந்த பக்கத்தை முதலில் கொடுங்கள். அப்போதுதான் உள்ளே மாட்டிய காற்று பின்பக்கமாக வெளியேறும். இப்படி ஆறிலிருந்து எட்டு முறை. முதல் இரண்டு தடவை கந்தல் துணி மாதிரி வரும், பதற வேண்டாம். ஐந்தாவது தடவைக்குள் ஓரம் நேராகி, மேற்பரப்பு பட்டுத்துணி போல ஆகும். மெஷின் இங்கே தேய்ப்பதில்லை, பிசைகிறது. கையால் பிசைந்ததில் இருந்த குறையெல்லாம் இந்த மடிப்புகளில் சரியாகிவிடும். புதியவர்கள் விட்டுவிடுகிற படியும் இதுதான்.

அதன் பிறகு மடிக்காமல் ஒவ்வொரு நிலையாக இறக்குங்கள். நிலையைத் தாவாதீர்கள். மாவு உருளையில் இருக்கும்போது டயலைத் திருப்பாதீர்கள். பல்சக்கரம் கெட்டுப்போவது அப்படித்தான். வெளியே வருகிற தகட்டை இழுக்காமல், புறங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரண்டு பக்கமும் கைப்பிடி மாவு தடவித் தட்டிவிடுங்கள்.

தாலியத்தெல்லேக்கு 1 மி.மீ. வாக்கில் நிறுத்தலாம். ரவியோலிக்கு இரண்டு தகடு ஒட்டப்போவதால் 0.8 வரை போகலாம். 9-ஆம் நிலை என்று ஒன்று இருப்பதற்காக அங்கே போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கட்டரில் விடுமுன் தகட்டை 25-30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு துணியில் விரித்துக் காயவிடுங்கள். அப்பளம் இட்டு நிழலில் உலர்த்துவதைப் பார்த்திருந்தால் பதம் புரியும்: தொட்டால் ஈரம் படக் கூடாது, மடித்தால் உடையவும் கூடாது. வறண்ட நாளில் பத்து நிமிடம். கடற்கரை ஊரில் மழைக்காலத்தில் அரை மணி ஆனாலும் ஆகும். மின்விசிறியை மெதுவாக ஓட விடலாம். வெட்டிய நூல்களில் ரவை தூவி, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மைதா தூவினால் கொதிநீர் கஞ்சியாகிவிடும்.

முட்டைப் பாஸ்தாவை நம் வெயிலில் மணிக்கணக்கில் வெளியே வைக்காதீர்கள். ஒரு மணிக்குள் வேகவைக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜ். மறுநாளுக்கு மேல் என்றால் ஃப்ரீசர். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும்.

எங்கே தப்பு நடக்கிறது

கட்டரில் வெட்டியும் நூல்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டே வந்தால் தகடு காயவில்லை, அல்லது மாவில் ஈரம் அதிகம். முன்னதற்கு இன்னும் ஐந்து நிமிடம். பின்னதற்கு, தகட்டில் மாவு தூவி மடித்து அகல நிலையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

கட்டர் தகட்டைப் பிடிக்காமல் வழுக்கினால் ரொம்பக் காய்ந்துவிட்டது. முனையை லேசாகச் சாய்வாக வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். நடக்காவிட்டால் கத்தியால் நறுக்கிக்கொள்ளலாம், ருசியில் குறைவராது.

தகட்டில் ஓட்டைகள் விழுந்தால் நிலையைத் தாவியிருப்பீர்கள், அல்லது மாவில் காய்ந்த பொருக்கு கலந்திருக்கும். அடுக்கடுக்காகச் சுருங்கி உள்ளே குவிந்தால், ஒரு நிலைக்கு மிகத் தடித்த மாவைக் கொடுக்கிறீர்கள். ஓரம் ரம்பப் பல் போல வந்தால் தண்ணீர் போதவில்லை. கையை நனைத்து மாவைத் தடவி மடித்து ஓட்டுங்கள். தண்ணீரை நேரே ஊற்ற வேண்டாம்.

பிழியும் மெஷின் வாங்குகிறவர்களுக்கு

இடியாப்பம் பிழிந்தவர்களுக்கு விஷயம் பாதி தெரியும், மீதிப் பாதியில் ஏமாறுவார்கள். ஏனென்றால் இங்கே மாவு பிசைந்த மாவே இல்லை. புட்டுக்குப் பிசிறிய மாதிரி உதிரியாக இருக்க வேண்டும்: கையில் பிடித்தால் கொழுக்கட்டை, விரலால் தட்டினால் உதிரல். சப்பாத்தி மாவு போலத் திரண்டுவிட்டால் உள்ளே இருக்கும் திருகாணியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், முன்னால் நகராது. 250 கிராம் அரைத்த துரும் ரவைக்கு 90-95 மி.லி. தண்ணீர்தான். இதை யாரும் முதலில் நம்புவதில்லை. இன்னும் ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அதோடு அன்றைய பாஸ்தா போச்சு. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டாமல், கலக்கும் தண்டு சுற்றும்போதே இரண்டு நிமிடத்துக்கு மெல்லிய தாரையாக விடுங்கள்.

வாங்கும்போது எந்தெந்த அச்சு சேர்ந்து வருகிறது, மற்றவை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கலக்கும் அறை, திருகாணி, அச்சு மூன்றையும் கருவியில்லாமல் கழற்ற முடிய வேண்டும். மோட்டார் தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்பது கையேட்டில் இருக்கும். இரண்டு தடவைக்கு மேல் ஓய்வில்லாமல் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும் மெஷின்கள் உண்டு. தானே எடை போட்டுத் தண்ணீர் அளவு சொல்லும் வசதி நல்லதுதான், ஆனால் சமையலறைத் தராசு வீட்டில் இருந்தால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

அச்சை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து மாட்டுங்கள். முதலில் வரும் நான்கைந்து செ.மீ. முள் முள்ளாக இருக்கும். கிள்ளி அறைக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிடலாம். கடைசி வரை அப்படியே வந்தால் ஈரம் குறைவு. ஒரு டீஸ்பூன் தண்ணீர் தெளித்துக் கலக்கவிடுங்கள். வெளியே வருகிற நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் ஈரம் அதிகம். இரண்டு டீஸ்பூன் மாவு.

முடிந்தவுடன் அச்சைக் கழுவப் போகாதீர்கள். ஈர மாவு ஒவ்வொரு துளையிலும் பசையாகிவிடும். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் போட்டெடுத்துக் குச்சியால் தள்ளினால் கட்டி கட்டியாக விழும்.

கையால் சுற்றிப் பிழியும் சிறிய மெஷின்களும் உண்டு. மார்க்கட்டோவின் ரெஜினா அப்படிப்பட்டது. மின்சாரம் வேண்டாம், இடம் குறைவு. இரண்டு பேருக்கான ரிகத்தோனிக்குள் தோள்பட்டை வலிக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

வைத்துக் காப்பது

உருளை மெஷினைப் பொறுத்தவரை தண்ணீரும் பாத்திரம் கழுவும் மெஷினும்தான் எமன். உள்ளே இருக்கும் பல்சக்கரமும் சுரண்டு தகடும் துருப்பிடித்தால் அடுத்த தடவை தகட்டில் பழுப்புப் பொட்டு விழும். வேலை முடிந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். ஒட்டிய மாவு காய்ந்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, கவிழ்த்து உதறுங்கள். கட்டர் பல்லுக்கு நடுவே இருப்பதை மூங்கில் குச்சியால் எடுங்கள். கத்தி நுனி உருளையில் கீறல் போடும், அந்தக் கீறல் ஒவ்வொரு தகட்டிலும் கோடாகத் தெரியும். சமையல் எண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசினாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, உணவுக் கருவிகளுக்கென்று விற்கும் மினரல் ஆயிலில் ஒரு சொட்டு உருளையின் இரண்டு கோடிகளிலும் போதும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து, பூச்சி. உள்ளே கொஞ்சம் மாவு மிஞ்சினாலும் வண்டும் கரப்பானும் அதைக் கண்டுபிடித்துவிடும். இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் இருந்தால், அடுத்த முறை முதல் எலுமிச்சை அளவு மாவை ஓட்டித் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.